ஒரு பணம் மஹர்

கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில் தன் பொருளை இன்னொருத்திக்குக் கொடுப்பதைக் கேட்க நேர்ந்தால் ஒரு பெண் என்ன செய்வாள்? அழுவாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வஜிஹா அழவில்லை. கையிலிருந்த பேரீச்சம்பழத் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

ஆனேக்கல்லில் நடந்த கல்யாணம் அது. மாப்பிள்ளை அஜாஸ், வஜிஹாவின் கணவன் கௌஸ் மொய்தீனுக்கு ஒரே தம்பி. மணப்பெண் பெயர் மஹீன். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணத்தை நடத்திவைக்கும் ஹஜ்ரத்தின் குரல் கணீரென்று வந்தது. திப்பு சுல்தான் காலத்துத் தங்கப் பணம் ஒன்றை மஹராகக் கொடுத்து இந்த நிக்காஹ் நடக்கிறது என்றார். ஆண்கள் பக்கத்தில் சபாஷ் போட்டார்கள்.

மஹர் என்பது மாப்பிள்ளை மணப்பெண்ணுக்குக் கொடுத்தே தீர வேண்டிய கொடை. கொடுத்த நிமிஷத்திலிருந்து அது அவளுடைய சொத்து. கணவனுக்கோ மாமியாருக்கோ கொழுந்தனுக்கோ அதில் ஒரு பொட்டுப் பாத்தியதை கிடையாது. மார்க்கம் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். சபாஷ் போட்டவர்களுக்கும் தெரியும். அந்தத் தங்கப் பணம் வஜிஹாவின் மஹர்.

அந்தப் பணத்தைப் பற்றி அஜாஸ் ஊரெல்லாம் அளந்துவிட்ட கதை வேறு. திப்பு சுல்தான் தன் கையாலேயே எங்கள் முப்பாட்டனுக்குக் கொடுத்தது என்பான். இப்படிச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கொஞ்சமா நஞ்சமா? எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்திருந்தால் அந்த மனிதருக்குச் சண்டை போட எங்கே நேரம் இருந்திருக்கும்? உண்மை ரொம்பச் சாதாரணம். இன்றைக்கு நாம் பொதுவாகப் பணம் என்கிறோமே, அது ஒரு காலத்தில் ஒரு குறிப்பிட்ட காசின் பெயர். தங்கத்தில் அடித்த பொடிக்காசு. கடலைப்பருப்பு அகலம் இருக்கும், அதன் தடிமனில் பாதிகூட இருக்காது. மைசூர்ச் சீமையில் பத்துப் பணம் சேர்ந்தால் ஒரு வராகன் என்று கணக்கு. ரூபாய் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஜனங்கள் வரி கட்டியது, மாடு வாங்கியது, பெண்ணுக்குச் சீர் செய்தது எல்லாம் இந்தப் பொடிக்காசில்தான். விரலிடுக்கில் நழுவிவிடும் என்பதால் சில ஊர்களில் குழி வெட்டிய பலகையில் கொட்டி எண்ணுவார்களாம். மைசூர் அரசர்கள் அடித்தார்கள், ஹைதர் அடித்தார், திப்பு அடித்தார். திப்பு அதற்கு ராஹத்தி என்று புதுப்பெயர்கூட வைத்தார். ஜனங்கள் அதைச் சட்டை பண்ணாமல் பணம் என்றே சொன்னார்கள். பிறகு பாராமஹால் என்ற இந்தச் சீமை முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கைக்குப் போயிற்று. அவன் ரூபாயைக் கொண்டுவந்து நிறுத்தி, வராகனையும் பணத்தையும் ஒழித்துக் கட்டினான். கிடைத்ததை எல்லாம் உருக்கினார்கள். இவ்வளவு சின்னதை யார் பத்திரப்படுத்துவார்கள்?

பெண்கள் பத்திரப்படுத்தினார்கள். அப்படித் தப்பிய ஒன்றுதான் கௌஸ் மொய்தீன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு பக்கத்தில் ஹைதர் பெயரின் முதல் எழுத்தான ஹே, பாரசீக எழுத்தில். மறுபக்கம் தேய்ந்து போய்விட்டது. யாரோ ஒரு பெண் அதற்குச் சின்ன வளையம் பற்றவைத்துக் கருகமணியில் கோத்துக்கொண்டிருக்கிறாள். அவள் மகன் கல்யாணத்தின்போது அதைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தன் மனைவிக்கு மஹராகக் கொடுத்தான். இப்படியே கைமாறி வந்தது. ஒவ்வொரு தடவையும் கொடுத்தவள் ஒரு பெண், அவள் மனசு வைத்துக் கொடுத்தாள். இதைத்தான் அந்த வீட்டு ஆண்கள் வசதியாக மறந்துபோனார்கள். எங்கள் வீட்டுப் பணம், எங்கள் வீட்டுப் பணம் என்று சொல்லிச் சொல்லி அதை வீட்டு அண்டா குண்டா மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

வஜிஹாவின் மாமியார், காலமாகிவிட்ட ஜுலேகாபீ, லேசுப்பட்ட பெண்ணில்லை. வஜிஹாவின் கல்யாணத்தன்று ஹஜ்ரத் வந்து உட்கார்ந்த பிறகும் ஜுலேகாபீயின் கழுத்திலேயே பணம் இருந்தது. அவளுடைய கணவர் வந்து, கழட்டிக் குடு, நேரமாவுது என்று அதட்டினார். "கேட்டு வாங்குங்க. என்னுதைக் கேக்காம குடுக்க மாட்டேன்" என்று அந்த அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். மண்டபமே காத்திருந்தது. கடைசியில் மனிதர் இறங்கி வந்து, சபையறியக் கேட்டார். அதன் பிறகுதான் அவள் கழற்றி மகன் கையில் வைத்தாள். அந்த மகன்தான் கௌஸ் மொய்தீன். அவனுக்கு எதுவும் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வஜிஹா பிறந்தது மத்தூரில். அவள் அத்தா சந்தைக்குச் சந்தை லுங்கியும் துண்டும் விற்றவர். பிளஸ் டூ வரைக்கும் படித்தாள். கல்யாணமான கொஞ்ச நாளில் கௌஸ் மொய்தீன் ஓசூருக்கு வந்து பாகலூர் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை போட்டான். பெரிய கடைகள் வந்து, பிறகு போனிலேயே குடம் பக்கெட்டு வாங்கும் காலமும் வந்து, வியாபாரம் படுத்தது. அப்போது வஜிஹா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். வண்டிகளுக்கான ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பின்னும் கம்பெனி. அங்கே லைனில் நிற்கிறவர்கள் உடம்பில் குண்டுமணி உலோகம் இருக்கக் கூடாது. மோதிரம், வளையல், தாலி, கருகமணி எதுவும் ஆகாது. தாலிக்காரப் பெண்கள் தாலிக்கொடியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வருவார்கள். வஜிஹா கருகமணியைக் கழற்றி, பணத்தோடு சேர்த்து பீரோவில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்வாள். சம்பளத்தில் மகள் ஜைபாவைக் கல்லூரியில் சேர்த்தாள். அஜாஸ் சைட் வாங்கி விற்கும் புரோக்கர் தொழில் தொடங்கியபோது அவனுக்கு முதல் பைக் வாங்கிக் கொடுத்ததும் அதே சம்பளம்தான். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பொடியன். அவனுக்குத் தலை துவட்டிவிட்டவள் அவள். தெருவில் விசாரித்தால் தங்கமான பொம்பளை என்பார்கள். வாயைத் திறக்காத பொம்பளை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அன்றைக்கு மண்டபத்திலும் அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. மணப்பெண்ணின் தாய் ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உங்க வீட்டுப் பொக்கிஷத்தையே எங்க பொண்ணுக்குக் குடுத்துட்டீங்களே என்று கண் கலங்கினாள். அந்த அம்மாளிடம் என்ன சொல்வது? வஜிஹா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டாள். "என் பீரோவைத் தொறந்தது யாரு?"

கௌஸ் மொய்தீன் தண்ணீர் குடித்தான். பிறகு, "அஜாஸ் கேட்டான். பொண்ணு வீட்டுல சொல்லிட்டானாம். மானம் போயிடும்னான்" என்றான்.

"கேட்டா? என்னைக் கேக்க வேணாமா?"

"நீ எங்க அதைப் போடுறே? கம்பெனி, வீடுன்னு சும்மா பீரோவுலதானே கெடந்துச்சு."

"சும்மா கெடந்தா உங்களுதா? கடையில சும்மா கெடக்குற குடத்தை நான் எடுத்துத் தெருவுல குடுக்கட்டுமா?"

அவன் மனசில் ரொம்ப நாளாக வைத்திருந்ததைக் கக்கினான். "நமக்குப் பையன் இல்ல, வஜிஹா. ஜைபா வேற வீட்டுக்குப் போறவ. அது எங்க வீட்டுப் பணம். நம்மளோட முடிஞ்சிடக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

எல்லாரும் என்றால் யார்? அஜாஸும் ரெண்டு சித்தப்பன்களும். அவள் முதுகுக்குப் பின்னால் கூடிப் பேசி, அவளுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதால் அவளுடைய சொத்து அவளுடையதில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். வஜிஹா சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"பையன் பொறந்திருந்தா என்னுது, பொண்ணு பொறந்ததால உங்களுது. அப்படியா? எந்தக் கிதாபுல எழுதியிருக்குன்னு காட்டுங்க, பாக்குறேன்."

எந்தக் கிதாபிலும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். ஒரு பவுனில் செயின் வாங்கித் தருகிறேன் என்றான். ரெண்டு பவுன் என்றான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எடுத்தது தப்பு என்று அண்ணனும் தம்பியும் ஒப்புக்கொள்ள வேண்டும், அவளுடையது அவள் கைக்கு வர வேண்டும். செயின் வாங்கித் தர அவனால் முடியும். தம்பியிடம் போய்த் தப்பு என்று சொல்ல மட்டும் முடியாது. இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் வீடுகளில் பாதி அநியாயம் நடக்கிறது.

அவள் முத்தவல்லியிடம் போனாள். பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் பெரியவர் அவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இவ்ளோண்டு காசும்மா. இதுக்குப் போயி புதுசா வந்த பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடலாமா? பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுங்க" என்றார்.

"சின்னதுன்னா அவுங்களே விட்டுக் குடுக்கட்டுமே. பெருசுன்னுதானே மைக்குல சொன்னாங்க?"

அவருக்கு அதன் பிறகு வேறு வேலை இருந்தது. வஜிஹா வெளியே வந்து பள்ளிவாசல் சுவரோரம் நின்று மூச்சு வாங்கினாள். அவர்கள் பெருமை பீற்றிக்கொள்ளும்போது அது சுல்தான் காலத்துப் பொக்கிஷம். அவள் திருப்பிக் கேட்டால் இவ்ளோண்டு காசு. அந்த வித்தியாசத்தை நினைக்க நினைக்க அவளுக்கு ரத்தம் கொதித்தது.

கம்பெனியில் அவள் பக்கத்து இடத்தில் நிற்பவள் வினிதா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். டீ நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவிய கேக்காம எடுத்தா அது களவுதானக்கா? போலீசுக்குப் போவோம்" என்றாள். வஜிஹாவும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் போலீசுக்குப் போனால் முதலில் யார் கழுத்திலிருந்து கழற்றச் சொல்வார்கள்? மஹீன் கழுத்திலிருந்து. கல்யாணமாகி மருதாணிகூட அழியாத பெண். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளைத் தொடாமல் தன்னுடையதை வாங்க வழி இல்லை என்பதுதான் வஜிஹாவின் தூக்கத்தைக் கெடுத்தது. திட்டம் போட்டுத்தான் செய்தார்களோ என்னவோ, ஒரு பெண்ணின் பொருளை இன்னொரு பெண்ணின் கழுத்தில் மாட்டிவிட்டால் ரெண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள், ஆண்கள் பிரியாணி சாப்பிடலாம்.

பிரியாணிக்கும் ஏற்பாடு நடந்தது. புதுத் தம்பதியை விருந்துக்குக் கூப்பிட வேண்டும் என்பது முறை. வஜிஹாவைக் கேட்காமலேயே கௌஸ் மொய்தீன் ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிட்டுவிட்டான். சோற்றைப் போட்டால் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தான் போலும். வஜிஹா சமைத்தாள். வருகிற பெண் என்ன பாவம் செய்தாள்? ஆனால் வெங்காயம் வதக்கும்போது கரண்டி போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஜைபா வந்து, "அம்மா, சட்டி ஒடையப் போவுது" என்றாள். "ஒடையட்டும்" என்றாள் வஜிஹா.

மதியம் வந்தார்கள். அஜாஸ் வாசலிலேயே, "என்னா அண்ணி, வாசம் ரோடு வரைக்கும் வருது" என்று பல்லைக் காட்டினான். மஹீன் பின்னால் வந்தாள். கழுத்தில் புதுச் செயின், அதில் அந்தப் பணம். வஜிஹாவின் பார்வை அங்கேயே போய் நின்றது. வளையத்தை மாற்றக்கூட இல்லை.

சாப்பாடு பரிமாறினார்கள். அஜாஸ் ஓசூரில் நிலம் ஏறிய விலையைப் பேசினான், அண்ணன் தலையாட்டினான். மஹீன் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, வஜிஹாவின் முகத்தைப் பார்த்தாள். கூச்சப்படும் பெண், ஆனால் சொல்ல வந்ததைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எங்க அத்தா ரெண்டு பவுன் மஹர் கேட்டாங்க. நான்தான் அதெல்லாம் வேணாம், இந்தப் பணமே போதும்னு சொன்னேன். இது உங்க மஹராம்ல. நீங்களே கழட்டி, மனசார குடுத்து, என் தங்கச்சி கழுத்துல இருக்கட்டும்னு சொன்னீங்களாம். அவுங்க சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. யாருக்கா இப்படிக் குடுப்பாங்க?"

அஜாஸின் கை சோற்றிலேயே நின்றது. கௌஸ் மொய்தீன் வஜிஹாவைப் பார்த்தான். வேண்டாம், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு பழையபடி ஆகிவிடும், அவள் மறுபடியும் தங்கமான பொம்பளை ஆகிவிடுவாள். எதிரே அந்தப் பெண் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். அவள் மனசை உடைக்க வஜிஹாவுக்கு ஆசையா என்ன? ஆனால் அவள் வாயில் பொய்யை வைத்து அனுப்பியிருக்கிறான் இந்தப் பொடியன். நன்றி சொல்ல வைத்திருக்கிறான்.

"நான் குடுக்கல" என்றாள் வஜிஹா.

மஹீனுக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் குடுக்கலம்மா. என்னை யாரும் கேக்கல. நான் கம்பெனியில இருந்தப்ப பீரோவுல இருந்து எடுத்துக்கினு போயிருக்காங்க. ஆனேக்கல் மண்டபத்துல மைக்குல கேட்டுத்தான் எனக்கே தெரியும். உங்க அம்மா என்னைக் கட்டிப் புடிச்சிக்கினாங்களே, அப்பத்தான் அதைக் கேட்டுட்டு நின்னுக்கினு இருந்தேன்."

"அண்ணி!" என்று அஜாஸ் எழுந்தான். "சாப்புடுற எடத்துல என்னா பேச்சு இது?"

"உக்காருடா. சாப்புடுற எடத்துலதான் கேட்டா அந்தப் பொண்ணு."

மஹீன் கணவனைப் பார்த்தாள். "நெசமா?" என்றாள். அவன் ஏதோ ஆரம்பித்தான். குடும்பப் பணம், அண்ணனுக்குப் பையன் இல்லை, பெரியவங்க முடிவு என்று சொல்லிக்கொண்டே போனான். இல்லை என்ற வார்த்தை மட்டும் அவன் வாயில் வரவே இல்லை. மஹீன் கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். செயினைக் கழற்றி, பணத்தை மட்டும் உருவி எடுத்து, வஜிஹாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவமானத்தில் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மாப்பு பண்ணுங்கக்கா. திருட்டுப் பொருள்னு தெரியாமப் போட்டுக்கினேன்."

வஜிஹாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. அந்தப் பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கௌஸ் மொய்தீனின் முகம் தெளிந்தது. வழி கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டான் அந்த மனுஷன். "சரி, உன்னுது உன் கைக்கு வந்துடுச்சு. இப்ப நீயே உன் கையால அவளுக்குப் போட்டுவிட்டுடு வஜிஹா. மனசாரக் குடுத்ததா ஆயிடும். முடிஞ்சுது" என்றான். அஜாஸும் அவசரமாகத் தலையாட்டினான். "ஆமாண்ணி, நான் வேணா கேட்டுக்குறேன். குடுங்க."

"மாட்டேன்" என்றாள் வஜிஹா. "நான் மாட்டேன். இவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இது என்னுது. நாளைக்கு ஜைபாவுக்குக் குடுப்பேன், இல்ல ஆத்துல போடுவேன், அது என் இஷ்டம். உன் பொண்டாட்டிக்கு நீ குடுக்க வேண்டியதை நான் ஏன்டா குடுக்கணும்?"

"அண்ணி, இவ்ளோண்டு காசுக்கு..."

"அந்த வார்த்தை இன்னொரு தடவை வந்துச்சுன்னா சட்டி பறக்கும்."

அஜாஸ் மனைவியின் பக்கம் திரும்பினான். "கெளம்பு, போலாம்" என்றான்.

மஹீன் கிளம்பவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து வஜிஹாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வெறும் செயின் அவள் மடியில் கிடந்தது. குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு வாசலில் நின்றிருந்த ஜைபா உள்ளே வந்துவிட்டாள்.

"எனக்கு மஹர் குடுத்தேன்னு சபையில ஒத்துக்கினீங்க. எங்க அத்தா முன்னாடி, ஹஜ்ரத் முன்னாடி. இது அக்காவுது. அப்ப என்னுது எங்க?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"மைக்குல சொன்னது வீட்டுக்குள்ள எதுக்கு? இங்கயே சொல்லுங்க. என்னுது எங்க?"

அஜாஸ் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தட்டைப் பார்த்தான். ரெண்டு பெண்களும் அஜாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.